மன்னார் வீடும் கூரை வெப்பமும்: இல்லச் சக்தி வினைத்திறன் பற்றிய ஒரு நோக்கு

மன்னார்த் தீவின் தென்கரையோரத்தில் முப்பது காற்றுச் சுழலிகள் வரிசையாக நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலை அது. ஒவ்வொரு சுழலியின் கொள்ளளவும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 மெகாவாற்று. சோளகக் காற்று வீசும் மே தொடக்கம் செப்ரெம்பர் வரையான மாதங்களில் அவை மிகுதியாக இயங்குகின்றன. அவை ஆக்கும் மின்சாரம் நடுக்குடா உபமின்நிலையத்தினூடாகத் தேசிய மின்வலையமைப்பைச் சென்றடைகின்றது. அதே மாதங்களில், அச்சுழலிகளின் நிழலுக்குச் சற்று அப்பால், தகரத்தாலோ அஸ்பெஸ்டஸ் தகட்டாலோ வேய்ந்த சிறு வீடுகளில் நண்பகல் வேளையில் ஒருவர் உள்ளே இருப்பது அரிதாகின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வேம்பின் அடிக்கோ பூவரசின் அடிக்கோ வந்துவிடுகின்றாள். வீட்டுக்குள் விசிறி சுழல்கின்றது. ஆனால் அது வெந்த காற்றையே சுழற்றுகின்றது.

மின்சாரத்தை ஆக்கும் இடமாக மன்னார் இன்று நாடறிந்த பெயராகிவிட்டது. மின்சாரம் உட்பட எல்லாச் சக்தியும் மன்னார் மக்களின் வீடுகளில் எவ்வாறு பயன்படுகின்றது, எங்கே வீணாகின்றது என்பது பற்றியோ பேச்சு மிகக் குறைவு. இக்கட்டுரை அக்குறையை ஓரளவு நிரப்ப முயல்கின்றது. இதன் அடிப்படைக் கருத்து எளியது. மன்னாரில் இல்லச் சக்திப் பிரச்சினை முதற்கண் கூரைப் பிரச்சினையாகும். கூரைப் பிரச்சினையோ, வீட்டின் வடிவத்தை யார் தீர்மானிக்கின்றனர் என்ற சமூகப் பிரச்சினையிலிருந்து பிரிக்க முடியாதது.

சிக்கனமும் வினைத்திறனும்

முதலில் இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்ளுதல் நன்று. சிக்கனம் என்பது தேவையைக் குறைத்தல். விளக்கை அணைத்துவிட்டு இருளில் இருத்தல் சிக்கனம். வினைத்திறன் என்பது அதே தேவையைக் குறைந்த சக்தியால் நிறைவேற்றுதல். அதே வெளிச்சத்தை 60 வாற்று இழைக் குமிழுக்குப் பதிலாக 8 அல்லது 9 வாற்று எல்.ஈ.டி. குமிழாற் பெறுதல் வினைத்திறன். வறியவர்களுக்குச் சிக்கனத்தைப் போதிப்பது பொருளற்றது. அவர்கள் ஏலவே அதன் எல்லையில் வாழ்கின்றவர்கள். அவர்களுக்கு உரிமையானது வினைத்திறனே.

உலக அரங்கில் இச்சிந்தனை வலுப்பெற்றது 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னராகும். எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தபோது, புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தேடுவது போலவே வீணாகும் எண்ணெயைத் தேடுவதும் ஒரு வளந்தேடலே என்பதைத் தொழில்வள நாடுகள் உணர்ந்தன. இலங்கைக்கு அத்தகைய பாடம் 2022 இல் மிகக் கொடிய வடிவில் வந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிற்று. சமையல் வாயு கிடைக்காமையால் நகரவாசிகளும் விறகடுப்புக்குத் திரும்பினர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை இலீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏற்றப்பட்டபோது, மண்ணெண்ணெயில் இயங்கும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளை நம்பிய கரையோர மக்கள் தொழிலையே நிறுத்தவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டது. இந்நிகழ்வுகளின் பின்னர், ஒரு குடும்பம் எவ்வளவு சக்தியை நுகர்கின்றது என்பது அறிவியல் வினாவாக மட்டும் நின்றுவிடவில்லை. உணவுக்கும் கல்விக்கும் எவ்வளவு எஞ்சுகின்றது என்ற வினாவாகவும் ஆகிவிட்டது.

வெப்பமே பெருந்தீனி

வீட்டிற் சக்தி செலவாகும் வழிகளுட் சில பெருந்தீனிக்காரர், சில சிறுதீனிக்காரர். இவ்வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆயிரம் இலீற்றர் நீரைக் கிணற்றிலிருந்து பத்து மீற்றர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு, இழப்புகளை விட்டுநோக்கின், ஏறத்தாழ 98 கிலோயூல் சக்தி போதும். ஆனால் ஒரேயோர் இலீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குச் சூடாக்குவதற்கு 290 கிலோயூலுக்கு மேல் வேண்டும். அதாவது, ஒரு கேத்தில் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் சக்தி, ஒரு குடும்பத்தின் பல நாள் நீரை மேலேற்றும் சக்தியினும் மிகுந்தது. ஒன்றைச் சூடாக்குவதும் சூடானதைக் குளிர்விப்பதுமே இல்லங்களிற் சக்தியை விழுங்குவன. ஆகவே அடுப்பு, கூரை, மீனுக்கான பனிக்கட்டி ஆகிய மூன்றும் மன்னாரைப் பொறுத்தவரை நமது ஆய்வின் மையமாகின்றன. ஒளியும் ஒலியும் தொடர்பான கருவிகள் அடுத்த நிலையிலேயே வைத்தெண்ணத்தக்கவை.

கூரையின் இயல்பு

மன்னார் வட அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகையில் அமைந்துள்ளது. ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கின்றது. ஆண்டின் ஏனைய நாட்களிலும் உச்சியிலிருந்து பெரிதும் விலகிச் செல்வதில்லை. ஆதலின் மன்னார் வீட்டில் வெயிலை ஏற்கும் தலையாய பரப்பு சுவரன்று, கூரையே. தெளிந்த வானமுள்ள நண்பகலிற் கிடைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 1,000 வாற்று வலுவுடைய சூரியக் கதிர் விழுகின்றது. துருவேறிய தகரமோ கறுத்துப்போன அஸ்பெஸ்டசோ அதிற் பெரும்பகுதியை உறிஞ்சி 60 பாகைக்கு மேலும் சூடாகக்கூடும்.

வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என மூவகையிற் செல்லும் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. கூரைக்குக் கீழ் இருப்பவரை வருத்துவது பெரிதும் மூன்றாவது வழியாகும். 60 பாகையிலுள்ள கூரை, 35 பாகையிலுள்ள தரையையும் மனிதரையும் நோக்கித் தேறிய அளவாகச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 வாற்று வெப்பத்தைக் கதிர்வீசும் எனக் கணக்கிடலாம். பத்துச் சதுர மீற்றர் அறையொன்றில் இது 1,500 வாற்று ஆகும். ஒரு மின்னடுப்பை எரியவிட்டு முகட்டிலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டதற்கு இது ஒப்பானது. இத்தகைய அறையில் விசிறி பயன்குறைந்து போவதன் காரணம் இப்போது விளங்கும். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கின்றது. மேலிருந்து விழும் கதிர்வீச்சை அது தடுக்க இயலாது. மேலும், கூரையை ஒட்டித் தேங்கிநிற்கும் சூடான காற்றை அது கீழே இழுத்தும் வருகின்றது.

கூரைப்பொருள்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு இயல்பின. தகரம் மெல்லியது, விரைவிற் சூடாகி விரைவில் ஆறிவிடும். எனவே தகரவீட்டிற் பகல் கொடிது, இரவு தாங்கத்தக்கது. கொங்கிறீற்றுத் தட்டுக்கூரை இதற்கு மாறானது. பகல் முழுதும் உறிஞ்சிய வெப்பம் அதன் தடிப்பினூடாக மெல்லக் கடந்து மாலையிலும் முன்னிரவிலும் உள்ளே வெளிப்படுகின்றது. புதிய நாகரிகத்தின் அடையாளமாகக் கருதப்படும் தட்டுக்கூரை வீடுகளில் இரவு எட்டு மணிக்கும் சுவரும் முகடும் சுடுவதன் காரணம் இதுவே. நாட்டின் மின்தேவை உச்சத்தை அடையும் வேளையும் மாலை 6.30 தொடக்கம் இரவு 10.30 வரையே. கூரை வெப்பத்தைத் தணிக்க எல்லா வீடுகளிலும் விசிறியும் குளிரூட்டியும் இயங்கும் அவ்வேளையிற் சூரியப் படலங்கள் உதவா; நீர் மின்சாரம் போதாவிடத்து எண்ணெயும் நிலக்கரியும் எரிகின்றன. ஆகவே நண்பகலிற் கூரையில் தடுக்கப்படும் வெப்பம், முன்னிரவில் நாடு எரிக்கும் எண்ணெயைக் குறைக்கின்றது எனலாம்.

பனையோலைக் கூரை இவை இரண்டினும் வேறானது. ஓலை அடுக்குகளிடையே சிறைப்பட்ட காற்று நல்லதொரு வெப்பக் காவலியாகும். இதனால் ஓலைவீடு குளிர்மையானது என்பது வெறும் பழைமைப் பற்றன்று. அளந்தறியத்தக்க பௌதிக உண்மை. எனினும் ஓலைக்கு மீளுமாறு மக்களுக்கு உபதேசிப்பது நமது நோக்கமன்று. ஓலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படவேண்டியது, தீப்பற்றக்கூடியது, வேய்வதற்கு ஆள்வலு வேண்டுவது. ஓலைக்கூரையைக் கைவிட்டவர்கள் அறியாமையாற் கைவிடவில்லை. நாம் கற்கவேண்டியது ஓலையை அன்று, ஓலை செய்த வேலையை.

அவ்வேலையை வேறு வழிகளிலும் செய்விக்கலாம். தகரத்தின்மேற் கிடுகு பரப்புதல் வடபுலத்திற் பலரும் தாமாகவே கண்ட வழி. அங்கே தகரம் மழையைத் தடுக்க, கிடுகு வெயிலைத் தடுக்கின்றது. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா, நெளிதகடுகளின்மேல் அரைவட்ட ஓடுகளைப் பரப்பிக் கட்டிய வீடுகளிலும் இதே தத்துவமே கையாளப்பட்டுள்ளது. ஒன்று கலைநயமெனப் பாராட்டப்படுகின்றது. மற்றொன்று வறுமையின் சின்னமெனக் கருதப்படுகின்றது. பௌதிகம் அவ்வாறு வேறுபாடு காட்டுவதில்லை.

இரண்டாவது வழி வெள்ளையடித்தல். பழைய சாம்பல்நிறத் தகடு தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ 65 வீதத்தை உறிஞ்சுமாயின், நன்கு வெள்ளையடித்த தகடு ஏறத்தாழ 25 வீதத்தையே உறிஞ்சும். நாற்பது சதுர மீற்றர் கூரையொன்றில் நண்பகல் வேளையில் இவ்வேறுபாடு 16 கிலோவாற்று ஆகும். இவ்வளவும் வீட்டினுள்ளே வருவதன்று. பெரும்பகுதி காற்றோடு போகும். எனினும் அதிலொரு பங்கே வாழ்வதற்கும் வாடுவதற்கும் இடையிலான வேறுபாட்டை உண்டாக்கப் போதுமானது. இந்தியாவில் 2010 மே மாதத்தின் கொடிய வெப்ப அலையில் உயிரிழப்புகளைக் கண்ட அகமதாபாத் நகரம் 2013 இல் வெப்பச் செயற்றிட்டமொன்றை வகுத்தது. பின்னர் எளியவர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சிடுவதையும் அதனோடு இணைத்துக்கொண்டது. தெலுங்கானா மாநிலம் 2023 இற் குளிர்கூரைக் கொள்கையொன்றையே வெளியிட்டது.

மன்னாரின் பருவநிலை இதற்கு ஒரு வசதியைத் தருகின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்துவிடும். தை, மாசியிற் சுண்ணாம்பு அடித்தால், அது கோடை முழுதும் பெரும்பாலும் நிலைக்கும். செலவு குறைந்த இவ்வேலையை ஆண்டுதோறும் பொங்கலுக்கோ பெருநாளுக்கோ சுவருக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். மூன்று எச்சரிக்கைகள் உள. அஸ்பெஸ்டஸ் தகட்டைச் சுரண்டலோ துளைத்தலோ ஆகாது. அதன் தூசு புற்றுநோய் விளைப்பது. தகட்டின்மேல் ஏறி நிற்பதும் ஆபத்தானது. மரக்கைகளின்மேற் பலகையிட்டே ஏறவேண்டும். முருகைக்கல்லைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு வீட்டைக் குளிர்விப்பதற்காகக் கடற்கரையை அரிக்கவிடல் பொருந்தாது.

மூன்றாவது வழி உள்முகடு. தகரத்துக்குக் கீழே ஒரு முழ இடைவெளிவிட்டுப் பனையோலைப் பாயைக் கட்டி, இடைவெளியிலுள்ள சூடான காற்று இருபக்கமும் வெளியேற வழிசெய்தால், கூரையின் கதிர்வீச்சு மனிதரை நேரே தாக்காது. இதற்கு வேண்டிய பொருளும் கைத்திறனும் ஊரிலேயே உள்ளன.

காற்றின் வழி

முசலிப் பகுதியிலுள்ள அரிப்பில் 'அல்லிராணிக் கோட்டை' எனப்படும் பாழடைந்த மாளிகையொன்று கடலரிப்பால் நாளும் சிதைந்துவருகின்றது. முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்கென முதலாவது பிரித்தானிய தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் 1801 க்கும் 1804 க்கும் இடையிற் கட்டுவித்தது அது. தடித்த செங்கற்சுவர், சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு, கடலை நோக்கிய மேட்டுநிலம், இரு மாடி ஆகியவை அதன் சிறப்புகள். ஆட்சியாளர் தமக்கு வீடமைக்கும்போது காற்றின் வழியைத் தேர்ந்தே அமைத்தனர் என்பதற்கு அது சான்று. குடிமக்களுக்கு வீடமைக்கும்போதும் அவ்வளவு அக்கறை காட்டப்பட்டதா என்பது வேறு வினா.

மன்னாரில் இரவின் வெப்பநிலையும் கோடையிற் பெரிதும் தாழ்வதில்லை; காற்றில் ஈரமும் மிகுதி. பாலைநிலங்களிற்போலத் தடித்த சுவர் இரவிற் குளிர்ந்து பகலில் உதவும் என எதிர்பார்த்தற்கில்லை. எனவே நிழலும் காற்றோட்டமுமே இங்கு முதன்மையானவை. வீட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமையவேண்டும். காலை மாலை வெயிலை நேரே ஏற்கும் கிழக்கு, மேற்குச் சுவர்கள் சிறியனவாதல் வேண்டும். அவற்றுக்குத் தாழ்வாரமோ மரநிழலோ வேண்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்தாற் போதாது. எதிர்ப்பக்கத்தால் வெளியேறவும் வழி வேண்டும். ஒரு யன்னல் மட்டுமுள்ள அறையிற் புறத்தே சோளகம் வீசினும் உள்ளே காற்று அசைவதில்லை.

இங்கும் ஒரு நடைமுறை இடர் உண்டு. சோளகம் மணலையும் உப்பையும் வாரிவருவது. ஆதலாற் பலர் தென்மேற்கு யன்னல்களைச் சாத்தியே வைக்கின்றனர். பழைய வளவுகளில் மட்டைவேலியும் ஓலைவேலியும் இவ்விடரைத் தணித்தன; அவை மணலைத் தடுத்துக் காற்றை வடித்து அனுப்பின. அவற்றின் இடத்தில் எழும் முழுச் சீமெந்து மதிலோ மணலோடு காற்றையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றது. துவாரங்கள் விட்டு வார்த்த கற்களால் மதிலின் மேற்பகுதியை அமைத்தல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வாகும்.

கூரை தணிந்த பின்னரே விசிறியைப் பற்றிப் பேசுவது பொருந்தும். பழைய வகைக் கூரைவிசிறி ஏறத்தாழ 75 வாற்று நுகர்வது. தூரிகையற்ற நேரோட்ட மோட்டர் பொருத்திய புதிய வகை ஏறத்தாழ 30 வாற்றுடன் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பத்து மணித்தியாலம் இயங்கினால் மாதத்துக்கு முன்னது 22.5 அலகையும் பின்னது 9 அலகையும் நுகரும். இரு விசிறிகளை மாற்றும் குடும்பம் மாதம் 27 அலகு மிச்சப்படுத்தும். இலங்கையின் இல்ல மின்கட்டணம் படிமுறையானது; மாத நுகர்வு 60 அலகைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுக்கும் கூடிய வீதமே அறவிடப்படும். எனவே 80 அலகிலிருந்து 53 அலகுக்கு இறங்கும் குடும்பத்தின் கட்டணம், அலகுகள் குறைந்த விகிதத்தினும் கூடிய விகிதத்தாற் குறையும். ஆனால் புதிய விசிறியின் விலை பழையதினும் மிகுதி. நாட்கூலி பெறுபவர் ஈராண்டு மிச்சத்தை முன்கூட்டியே கொடுக்க இயலாது. இவ்விடத்திற் கூட்டுறவுச் சங்கங்களின் தவணைக் கடன் போன்ற சமூக ஏற்பாடின்றித் தொழில்நுட்பம் தானாக வறியவரை வந்தடையாது.

அடுப்பும் பெண்களின் உழைப்பும்

மூன்று கல் அடுப்பிற் கட்டையின் சக்தியில் 10 தொடக்கம் 15 வீதமே பானையை அடைகின்றது. எஞ்சியது காற்றையும் சமைப்பவரின் முகத்தையும் சூடாக்குகின்றது. 1970 களின் இறுதியிற் சர்வோதய இயக்கமும், 1980 களில் இலங்கை மின்சார சபையின் விறகுச் சிக்கனத் திட்டமும் திருந்திய அடுப்புகளைப் பரப்ப முயன்றன. அம்முயற்சிகளின் விளைவாகவே இரு பானைகளை ஒரே தீயில் ஏற்றத்தக்க 'அனாகி' எனும் மண்ணடுப்பு நாடெங்கும் பரவிற்று. அதனை ஊர்க் குயவர்களே வனைந்து விற்றனர் என்பதே அதன் வெற்றிக்குக் காரணம் எனலாம். இலவசமாக வழங்கப்பட்டு முற்றத்திற் கிடக்கும் அடுப்பினும் விலைகொடுத்து வாங்கிய அடுப்பே எரிகின்றது.

மன்னாரிற் பனைமட்டை, ஊமல், பன்னாடை, தென்னம்பொச்சு, உடைமரச் சுள்ளி என எரிபொருள் பலவகை. இவற்றுக்கெல்லாம் பொதுவான முதல் விதி உலர்வு. நிறையிற் பாதி நீராயுள்ள ஈரவிறகு ஒரு கிலோ தரும் வெப்பம், நன்கு காய்ந்த ஒரு கிலோ தருவதில் ஏறத்தாழப் பாதியே, புகையோ பன்மடங்கு. மாரிக்கு முன்னர் விறகைக் கூரையின்கீழ் அடுக்கிவைக்கும் பழைய வழக்கம் சிறந்த சக்திக் கொள்கையாகும்.

இரண்டாவது விதி கொதித்தபின் தீயைத் தணித்தல். நீர் கொதித்துவிட்டால், எவ்வளவு எரித்தாலும் அதன் வெப்பநிலை உயராது, நீராவியே மிகும். ஓர் இலீற்றர் நீரைக் கொதிக்கவைக்கும் சக்தியினும் அதனை முற்றாக ஆவியாக்கும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்கு. மூடியின்றித் துள்ளிக் கொதிக்கும் சோற்றுப்பானை, விறகை நீராவியாக மாற்றி முகட்டுக்கு அனுப்புகின்றது. மூடியிட்டு மெல்லிய தீயில் வைத்தாலும் அரிசி அதே நேரத்தில் வேகும். இவ்விதி வாயு அடுப்புக்கும் மின்னடுப்புக்கும் அவ்வாறே பொருந்தும்.

விறகு பொறுக்கும் நேரமும் புகையிற் கழியும் நேரமும் பெண்களுடையவை. குடும்பச் செலவுக் கணக்கில் அவை எழுதப்படுவதில்லை. அடுப்பின் வினைத்திறனை மிச்சமாகும் விறகின் நிறையால் மட்டும் அளப்பது ஆண்களின் அளவுகோல். மிச்சமாகும் மணித்தியாலத்தாலும் இருமலாலும் அளக்கவேண்டும். அடுக்களைக்கு மேற்புகைபோக்கியும் எதிரெதிர்த் திறப்புகளும் அமைக்காத வீட்டுத்திட்டம் எதுவும் முழுமையானதன்று.

மீனும் பனிக்கட்டியும்

பேசாலை, பள்ளிமுனை, தலைமன்னார், வங்காலை முதலிய கரைகளிற் சக்திச் செலவின் மற்றொரு முகம் பனிக்கட்டி. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோயூல் மறைவெப்பத்தை உள்வாங்குகின்றது. அவ்வெப்பம் மீனிலிருந்து எடுக்கப்பட்டாற் பயன். பெட்டியின் பக்கங்களினூடாகப் புறத்திலிருந்து வந்தால் வீண். இரண்டு சதுர மீற்றர் புறப்பரப்புடைய பெட்டியொன்றைக் கருதுவோம். ஓரங்குலப் பலகைப் பெட்டியாயின், புறவெப்பத்தால் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ பனிக்கட்டி உருகும். ஐந்து சென்ரிமீற்றர் தடிப்புள்ள றெஜிபோம் பதித்த பெட்டியாயின் ஏறத்தாழ 10 கிலோவே உருகும். ஒரு தொன் பனிக்கட்டியை ஆக்க ஏறத்தாழ 70 அலகு மின்சாரம் செலவாகுமெனக் கொண்டால், ஒரு பெட்டியால் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று அலகு மிச்சமாகின்றது. மேலே கூறிய புதிய விசிறி நூறு மணித்தியாலம் இயங்குவதற்கு அது போதும். மீனவருக்கோ அதனினும் முக்கியமான பயன் மீனின் தரமும், தரத்தோடு விலையும். பெட்டியை நிழலில் வைத்தலும், இடைவெளியை ஈரச்சாக்கால் மூடுதலும், அடிக்கடி திறவாமையும் செலவற்ற வழிகள்.

வெயிலே மீனைப் பதப்படுத்தும் கருவாட்டுத் தொழிலையும் இங்கு நினைவுகூர்தல் தகும். மணலிற் பரப்பாமல் வலை விரித்த பரண்களில் உலர்த்தினால் அடியிலும் காற்றுப் புகுந்து விரைவிற் காயும், மணலும் ஒட்டாது. எண்ணெயோ மின்சாரமோ வேண்டாத இத்தொழில்நுட்பம், பின்தங்கியதெனக் கருதப்படுவதன்றி மேம்படுத்தப்பட வேண்டியதாகும்.

தீர்மானிப்பவர் யார்?

இதுவரை கூறியவற்றை ஒவ்வொரு குடும்பமும் தானே அறிந்து செய்துகொள்ளலாமே என ஒருவர் வினவலாம். ஓரளவு செய்யலாம். ஆனால் மன்னாரின் வீடுகளிற் பல, குடியிருப்போர் ஆறுதலாகச் சிந்தித்துத் தாமே திட்டமிட்டவை அல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்களும், போரின் இறுதி ஆண்டுகளில் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் திரும்பி வந்தபோது அவர்களுக்கு முதலிற் கிடைத்தது தகரக் கொட்டில். பின்னர் கிடைத்தது பிறர் வரைந்த படத்துக்கமைந்த வீடு.

இந்திய அரசின் உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டத்திற் பெரும்பகுதி, ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாவீதம் வீட்டுரிமையாளரிடமே நிதியை வழங்கி, அவரே கட்டுவிக்கும் முறையில் நிறைவேறியது. அம்முறையிற் குறைகள் இருந்தன, பலர் கடன்பட்டனர். எனினும் வாசல் எத்திசையில், விறாந்தை எவ்வளவு, ஓடா தகடா என்பனவற்றிற் குடும்பத்துக்குச் சொல்லுரிமை இருந்தது. இதற்கு மாறாக, 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளை முன்தயாரித்துப் பொருத்தும் திட்டம், ஒரு வீட்டுக்கு இருபது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட செலவில், முன்வைக்கப்பட்டது. வெப்பம், காற்றோட்டம், அத்திவாரம், ஆயுள், உள்ளூர்த் தொழிலாளருக்கு வேலையின்மை ஆகியவற்றைச் சுட்டிப் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் அதனை எதிர்த்தனர். அவ்விவாதம் ஒரு முக்கிய உண்மையை வெளிப்படுத்திற்று: சக்தி வினைத்திறன் கருவி வாங்கும் நாளிலன்று, வீட்டின் வரைபடம் ஒப்பமிடப்படும் நாளிலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது. பிழையான வரைபடத்தின் தண்டனையைக் குடியிருப்பவர் மாதந்தோறும் மின்பட்டியலிற் செலுத்துகின்றார்.

மற்றுமொரு மறுப்பையும் ஆராய்தல் வேண்டும். ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜெவன்ஸ், நீராவி இயந்திரத்தின் வினைத்திறன் உயர்ந்தபோது நிலக்கரி நுகர்வு குறையாமற் கூடிற்று என 1865 இல் எடுத்துக்காட்டினார். வினைத்திறன் மலிவை உண்டாக்க, மலிவு நுகர்வைப் பெருக்கும் என்பது அவர் வாதம். பெருந்தொழிலையும் செல்வர் வாழ்வையும் பொறுத்தவரை இது சிந்திக்கத்தக்கதே. ஆனால் கட்டணத்துக்கு அஞ்சி விசிறியை அணைத்துவிட்டு உறங்கும் முதியவர், அது மலிவானதும் இரவு முழுதும் இயக்குவாராயின், அதனை வீண் என்று எவ்வாறு கூறலாம்? அலகு மிச்சமாகாவிடினும் அவருடைய உறக்கம் மிச்சமாயிற்று. வறியவர் வீட்டில் வினைத்திறனின் பயனை அலகுகளால் மட்டுமன்றி வாழ்க்கைத் தரத்தாலும் அளத்தல் வேண்டும்.

2025 ஆகஸ்டில் மன்னார் நகரிற் புதிய காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் தொடர்ந்து போராடினர்; சனாதிபதி காற்றாலைப் பணிகளை ஒரு மாதத்துக்கு இடைநிறுத்தும் நிலை ஏற்பட்டது. வெள்ளநீர் வடியும் வழி, மீன்பிடி, நிலவுரிமை, வங்காலைச் சரணாலயத்தை நாடிவரும் வலசைப் பறவைகள் ஆகியன அவர்களின் கவலைகள். காற்று மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே; எண்ணெயினும் நிலக்கரியினும் அது மேலானதே. ஆனால் கூரைகள் வெந்துகொண்டிருக்க, அவ்வெப்பத்தைத் தணிப்பதற்காக மேலும் மேலும் மின் ஆக்குவது ஓட்டைக் குடத்தை நிரப்புவதற்குப் புதிய கிணறு வெட்டுவது போன்றது. கிணறு யார் நிலத்தில் வெட்டப்படுகின்றதோ அவர்கள், முதலிற் குடத்தை அடையுங்கள் எனக் கேட்பது நியாயமே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளை வற்புறுத்தலாம். முதலாவது, மன்னாரில் அரச உதவியோடோ பிற உதவியோடோ கட்டப்படும் வீடு எதற்கும் கூரைவெப்பத் தடுப்பும் எதிரெதிர்க் காற்றோட்டமும் புகைபோக்கியும் நிபந்தனைகளாதல் வேண்டும்; அவற்றின் செலவு வீட்டின் விலையிலேயே சேர்க்கப்படல் வேண்டும். இரண்டாவது, ஏலவேயுள்ள தகர, அஸ்பெஸ்டஸ் கூரைகளுக்கு ஆண்டுதோறும் தை, மாசியில் வெள்ளையடிப்பதைப் பிரதேச சபைகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் பொதுப்பணியாக மேற்கொள்ளலாம். காற்றாலைகளின் வருவாயில் ஒரு சிறு பங்கு இதற்கு ஒதுக்கப்படுமாயின், மின் ஆக்கும் ஊர் அதன் பயனைத் தன் தலைக்கு மேலேயே காணும்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. ஓலை, தகரம், கிடுகிட்ட தகரம், அஸ்பெஸ்டஸ், வெள்ளையடித்த அஸ்பெஸ்டஸ், ஓடு, தட்டு என எழுவகைக் கூரைகளின்கீழ் எழு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, ஓராண்டு முழுதும் நாளுக்கு மூன்றுமுறை குறித்துவைப்பதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. மன்னாரைச் சொந்த இடமாகக் கொண்ட எழுவர் மாணவரும் அவர்களின் தாய்மாரும் போதும். அவ்வாறு பெறப்படும் எண்கள், இக்கட்டுரையின் தோராயக் கணக்குகளைத் திருத்தவும் கூடும். அத்திருத்தத்தை நாம் வரவேற்போம். அடுத்த வீட்டுத்திட்டத்தின் வரைபடம் எங்கோ ஒரு மேசையில் விரிக்கப்படும் நாளில், அம்மேசைமீது அவ்வெண்களும் இருத்தல் வேண்டும்.